ஈரத்தில் வைக்காத கட்டை

"இறுக்கமாப் பின்னுங்க. சேத்துல அவுந்துச்சுன்னா கண்ணை மறைச்சிடும்."

அண்ணி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் நின்று அவள் தலைமுடியை மூன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார் அவள் புருஷன் டிரைவர். கியர் கம்பியைப் பிடித்துப் பிடித்துக் காய்ப்பேறிய கை. அந்தக் கையில் ஒரு முடிகூடச் சிக்காமல் நழுவிப் போயிற்று.

"வலிக்குதா?"

"முடி எங்கேயாவது வலிக்குமா?"

"தோளைக் கேட்டேன்."

"தோளைப் பத்திக் கேக்கக் கூடாதுன்னு நேத்தே சொல்லிட்டேன்."

டிரைவர் பின்னலுக்குத் திரும்பினார். வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த சில்லு சும்மா இருக்கவில்லை.

"அண்ணா, அண்ணியைப் பொண்ணு பாக்கவா கூட்டிட்டுப் போறே? சேத்துல உருளப் போறோம். ஒரு முடிச்சைப் போட்டு விடு."

சில்லு டிரைவரின் தங்கை. ஆள் குட்டை, ஒல்லி. வாய் மட்டும் ஓர் ஆள் உயரம் இருக்கும்.

இந்த வீட்டுக்குள் இப்போதுதான் எட்டிப் பார்ப்பவர்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடலாம். மூன்று பேருக்கும் ஒரே இடத்தில் வேலை. வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் கம்பெனி. டிரைவர் லாரி ஓட்டுகிறார். அவர் மனைவியும் தங்கையும் ஜோடியாகப் பாரம் தூக்கினார்கள். அண்ணிக்குக் கம்பெனியில் 'தூண்' என்று பெயர். நாத்தனாருக்குச் 'சில்லு'. தூணும் சில்லும் தூக்கினால் பீரோ தானே நடந்து வருவது போலிருக்கும் என்பார்கள்.

மாடிப்படியில் பாரம் இறங்கும்போது கீழே நிற்பவர் மீதுதான் எடை முழுவதும் விழும். அந்த இடம் எப்போதும் அண்ணியுடையது. ஒரு நாள் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் பெரிய ஃபிரிட்ஜை இறக்கும்போது, பாரத்தைத் தாங்கும் பட்டை அறுந்தது. அண்ணி ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கியிருந்தால் நஷ்டம் ஃபிரிட்ஜோடு போயிருக்கும். அவள் தோளைக் கொடுத்து அதைச் சுவரோடு சாய்த்து நிறுத்திவிட்டாள். ஃபிரிட்ஜில் கீறல்கூட இல்லை. அவளுடைய வலது தோளுக்குள் தசைநார் கிழிந்திருந்தது.

மருத்துவமனை, தையல், கைக்குத் தொட்டில் கட்டு, பயிற்சி என்று மாதங்கள் ஓடின. இனி தூக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளிதான் சொல்லவில்லை. அவளைப் பேக்கிங் மேஜையில் உட்காரவைத்திருந்தார். டம்ளருக்குக் காகிதம் சுற்றும் வேலை.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவள் போய் நிற்பாள். "முதலாளி, லாரியில ஏறவா?" முதலாளி மின்விசிறியைப் பார்ப்பார். போன மாதம் ஒரு நாள் பார்ப்பதற்கு வேறெதுவும் கிடைக்காமல், சுவரில் யாரோ ஒட்டிவிட்டுப் போன விளம்பரத்தைக் காட்டினார். சேற்று ஓட்டம். இரண்டிரண்டு பேராக ஓட வேண்டும். சுவர் ஏற வேண்டும், வலைக்குக் கீழே ஊர வேண்டும், கட்டை சுமக்க வேண்டும்.

"சில்லுவோட சேர்ந்து இதை முடிச்சுக் காட்டு. மறுநாளே ஏறிக்கோ."

சொன்னவர் விளையாட்டாகத்தான் சொன்னார். கேட்டவள் அன்று மாலையே இரண்டு பெயரையும் கொடுத்துவிட்டு வந்தாள்.

அந்த ஓட்டம் இன்று, ஞாயிற்றுக்கிழமை.

*

மைதானம் ஊருக்கு வெளியே, கல் வெட்டி எடுத்துக் கைவிட்ட பள்ளத்தை ஒட்டி இருந்தது. முந்தின நாளிலிருந்தே குழாய் வைத்துத் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள். தரை, நன்றாக மிதித்த களிமண் போலப் பளபளத்தது.

வந்திருந்தவர்களில் பாதிப்பேர் உடற்பயிற்சிக் கூடத்து ஆட்கள். கையில் நரம்பு தெரிகிற உடம்பு. மீதிப்பேர் அலுவலகக் கூட்டம். ஒரே நிறத்தில் பனியன், முதுகில் ஏதோ வாசகம். அண்ணியும் சில்லுவும் கம்பெனியின் காக்கிக் கால்சட்டையிலேயே வந்திருந்தார்கள். முழங்காலில் ஒட்டுப் போட்ட கால்சட்டை.

"ஏங்க, நீங்க இங்க வேலை பாக்குறவங்களா? தண்ணி எங்க கிடைக்கும்?" என்று ஒரு பனியன் கேட்டது.

"நாங்களும் உருள வந்தவங்கதான் தம்பி," என்றாள் சில்லு. "தண்ணி வேணும்னா குனிஞ்சு பாருங்க. கால் நனையுற அளவுக்கு ஊத்தி வச்சிருக்காங்க."

அந்தப் பையன் சிரித்துவிட்டான். அண்ணி சிரிக்கவில்லை. அவள் தூரத்தில் தெரிந்த மரச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழவழவென்ற பலகை. உச்சியிலிருந்து ஒரே ஒரு கயிறு தொங்கியது. தோளுக்கு மேல் கையை உயர்த்தி, முழு உடம்பையும் அந்தக் கையில் தொங்கவிடுவது. டாக்டரின் பயிற்சி அறையில் அதை மட்டும் அவள் செய்து பார்த்ததில்லை.

"அண்ணி, அங்க பாக்காதே. அது கடைசி. முதல்ல டயர்."

"நான் சும்மா பாத்தேன்டீ."

"நீ சும்மா பாக்குற மூஞ்சி எனக்குத் தெரியாதா? சுவத்துல நான் மேல போயிடறேன். நீ கையைக் குடு. பீரோவையே இழுத்திருக்கேன், உன்னை இழுக்க மாட்டேனா?"

"பீரோ என்னைவிட லேசு."

ஏற்பாட்டாளர்கள் விதியைச் சொன்னார்கள். ஜோடி பிரியக் கூடாது. ஒருவர் விட்டால் இருவரும் வெளியே. எல்லோருக்கும் பின்னால் ஒரு டிராக்டர் மெதுவாக வரும். அது யாரைத் தாண்டிப் போகிறதோ அவர்கள் ஆட்டம் முடிந்தது.

மைதானத்தைச் சுற்றிக் கட்டிய தடுப்புக் கயிற்றுக்கு வெளியே கம்பெனி ஆட்கள் கும்பலாக நின்றார்கள். "தூணக்கா! டம்ளர் உடையாமப் போயிட்டு வா!" என்று ஒருவன் கத்தினான். அண்ணி திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் அடுத்த ஆளின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

டிரைவர் கும்பலில் நிற்கவில்லை. தனியாக, கையில் துண்டோடு நின்றார். முதலாளி அவர் பக்கத்தில் வந்தார்.

"என்னப்பா, இப்பவும் நீ சொன்னதுதானா?"

டிரைவர் மைதானத்தைப் பார்த்தார்.

"நீ கேட்டுக்கிட்டதாலதான் நான் இவ்வளவு நாளா மின்விசிறியைப் பாத்துட்டிருக்கேன். இன்னைக்கு முடிச்சிட்டா என்னால மறுக்க முடியாது, பாத்துக்கோ."

"முடிக்கட்டும், பாப்போம் முதலாளி."

இதுதான் விஷயம். முதலாளிக்கு அண்ணியை லாரியில் ஏற்ற ஒரு தடையும் இல்லை. 'வேண்டாம் முதலாளி, அவளுக்குத் தெரிய வேண்டாம், நீங்களே ஏதாவது சொல்லி மேஜையிலேயே வச்சிருங்க' என்று கேட்டுக்கொண்டவர் அவள் புருஷன். அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே லாரியில் உட்கார்ந்திருந்தபோது அவர் ஒரு சத்தம் கேட்டார். மனைவியின் சத்தம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், பிள்ளை பெற்ற அறையிலிருந்துகூட வராத சத்தம். இப்போதும் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தால், அந்த அமைதியில் முதலில் அதுதான் அவர் காதுக்கு வரும்.

விசில் ஊதினார்கள்.

*

டயர்களில் அவர்கள் பின்தங்கவில்லை. உடற்பயிற்சிக் கூடத்தார் துள்ளித் துள்ளிப் போனார்கள். அண்ணியும் சில்லுவும் நடந்தே போனார்கள். வேகமான, ஆட்டமில்லாத, பாரம் சுமக்கிற நடை. சாய்வான மண்மேட்டில் ஓடி ஏறியவர்கள் பாதியில் வழுக்கிக் கீழே வந்து குவிந்தார்கள். இவர்கள் காலைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து, ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். மழைநாளில் ஈரப்படிக்கட்டில் சோபா ஏற்றுகிறவர்களுக்கு அது ஒன்றும் புதிதில்லை.

"அண்ணி, இது நம்ம ஞாயித்துக்கிழமை ஓவர்டைம் மாதிரியே இருக்கு," என்றாள் சில்லு. அவள் முகத்தில் கண்ணைத் தவிர எல்லாம் சேறு.

"பேசாம மூச்சு விடு."

அடுத்தது கட்டை. தென்னந்துண்டு பருமனில், ஓர் ஆள் நீளத்துக்கு அறுத்த மரத்துண்டுகள் குவிந்திருந்தன. ஜோடிக்கு ஒன்று. தோளில் சுமந்து தூரத்துக் கொடிக்கம்பத்தைச் சுற்றிவந்து இன்னொரு குவியலில் போட வேண்டும்.

அண்ணி குனிந்தாள். "ம்."

"ம்," என்றாள் சில்லு.

கட்டை இருவர் தோளுக்கும் ஒரே மூச்சில் ஏறியது. கயிற்றுக்கு வெளியே டிரைவரின் கையிலிருந்த துண்டு முறுக்கிக்கொண்டது. கட்டை அண்ணியின் வலது தோளில் இருந்தது. தையல் போட்ட தோள். இவர்கள் ஜோடி எப்போதும் வலது பக்கம் தூக்கிப் பழகிய ஜோடி. பக்கம் மாறினால் காலடி தடுமாறும். அவள் யோசித்தெல்லாம் அந்தத் தோளைக் கொடுக்கவில்லை. பழக்கத்தில் கொடுத்துவிட்டாள்.

கொடிக்கம்பத்தைச் சுற்றினார்கள். ஜோடிகள் ஒவ்வொன்றாகக் கட்டையைக் குவியலில் வீசிவிட்டு ஓடின. அண்ணி குவியல் வரை வந்தாள். நின்றாள். கீழே பார்த்தாள். குவியலைச் சுற்றித் தண்ணீர் தேங்கியிருந்தது.

நின்றவள் கட்டையை வைக்காமல் மேலே நடந்தாள்.

வீடு மாற்றுகிறவர்களின் தொழிலில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற விஷயம் ஒன்று உண்டு. ஊரார் சாமானை ஈரத்தில் வைக்கக் கூடாது. வாசலில் குளம் போலத் தண்ணீர் நின்றால், உலர்ந்த இடம் கிடைக்கும்வரை நடக்க வேண்டும். கை ஒடிந்தாலும் நடக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. பாதையைப் பார்த்து முன்னால் போகிறவர்தான் 'வை' என்று சொல்ல வேண்டும். அதுவரை பின்னால் இருப்பவர் தானாக இறக்கக் கூடாது. சுற்றி நிற்கிறவர்கள் என்ன கத்தினாலும் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது. வீட்டுக்காரர்கள் கத்தத்தான் செய்வார்கள்.

"அம்மா! கட்டை! கட்டையைப் போடுங்க!" என்று விசில்காரர் கத்தினார்.

இருவர் காதிலும் அது விழவில்லை.

எதிரே வலைப்பள்ளம். சேற்றுக்கு மேல் முழங்கால் உயரத்தில் கயிற்று வலை கட்டியிருந்தது. அதற்குக் கீழே ஊர்ந்து போக வேண்டும். பள்ளத்தின் அந்தக் கரையில் ஒரு மண்மேடு, வெயில்பட்டு வெள்ளையாக உலர்ந்து கிடந்தது. அண்ணியின் கண்ணுக்கு அது பட்டுவிட்டது.

"மல்லாக்கப் படுத்துக்கோ. நெஞ்சுல வாங்கிக்கோ."

"சரி அண்ணி."

அத்தனை ஜனமும் பார்க்க, இரண்டு பெண்கள் சேற்றில் மல்லாந்து படுத்தார்கள். கட்டையை நெஞ்சின் மேல் கிடத்தி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, குதிகாலால் உந்தி உந்தி, வலைக்குக் கீழே தலைமாட்டுப் பக்கமாக நகர்ந்தார்கள். சேறு காதுக்குள் போயிற்று. பின்னிய சடை சேற்றில் புதைந்தது. கட்டையில் மட்டும் ஒரு சொட்டுப் படவில்லை.

முதலில் சிரிப்பு கிளம்பியது. மைதானமே சிரித்தது. கம்பெனி ஆட்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு, பள்ளத்தின் நடுவில், சிரிப்பு தேய்ந்து போனது. அந்தக் கட்டையின் கனம் சுமந்தவர்களுக்குத் தெரியும். மேலே தூக்குவதைவிட, படுத்துக்கொண்டு நெஞ்சில் ஏந்துவது எத்தனை கஷ்டம் என்று உடற்பயிற்சிக் கூடத்தாருக்குத் தெரியும். அவர்களில் ஒருவன் வலைக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்று, தன் ஓட்டத்தை மறந்து கைதட்ட ஆரம்பித்தான்.

முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்ததில் வந்த தண்ணீர்தான், பாதி. "பாத்தியாப்பா? நனைய விட மாட்டேங்குறாளுங்க. வெறும் விறகுய்யா அது!"

டிரைவர் துண்டை இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினார்.

கரையேறி, உலர்ந்த மேட்டின் மேல் நின்று, அண்ணி சொன்னாள்: "வை."

கட்டை சத்தமில்லாமல் மண்ணில் உட்கார்ந்தது. மூச்சு வாங்க விசில்காரர் ஓடி வந்தார்.

"அம்மா, இதை அங்க, அந்தக் குவியல்லதான் போடணும்!"

"அங்க ஈரமா இருக்குங்களே."

"சேத்து ஓட்டம்மா இது! ஈரமாத்தான் இருக்கும்!"

அண்ணி அவரைப் பார்த்தாள். கட்டையைப் பார்த்தாள். கடந்துவந்த பள்ளத்தைப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மாறியது.

"ஏன்டீ சில்லு, நாம எதுக்கு இதைத் தூக்கிட்டு வந்தோம்?"

"நீ 'வை'ன்னு சொல்லல, நான் வைக்கல."

"வாயைத் திறந்து கேக்கக் கூடாதா?"

"என்னைக்கு உங்கிட்ட கேட்டிருக்கேன்?"

இருவரும் சிரித்தார்கள். நிற்க முடியாமல் கட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். விசில்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விதி விதிதான். கட்டை குவியலுக்குப் போக வேண்டும். பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பிப் போகலாம். பிறகு வலையை மறுபடி கடக்க வேண்டும்.

டிராக்டரின் சத்தம் கேட்டது. கொடிக்கம்பத்தைச் சுற்றி அது வந்துகொண்டிருந்தது.

"ம்," என்றாள் அண்ணி.

"ம்."

கட்டை மறுபடி தோளேறியது. அதே வலது தோள்.

*

அவர்கள் குவியலில் கட்டையை வைத்தபோது (அப்போதும் வீசவில்லை, வைத்தார்கள்) டிராக்டரின் முன்சக்கரம் அண்ணியின் நிழலை மிதித்தது. இரண்டாம் தடவை வலைக்குக் கீழே குப்புற ஊர்ந்தார்கள். கையில் பாரமில்லாததால் பாம்பு போலப் போனார்கள். சுவருக்கு வந்து சேரும்போது அங்கே வேறு யாரும் மிச்சமில்லை. அவர்களும் டிராக்டரும் மட்டும்.

அண்ணி பலகையில் முதுகைச் சாய்த்து, கைகளைக் கோத்துப் படியாக்கினாள். சில்லு அதில் கால் வைத்தாள். பிறகு தோளில். ஒரு நொடி அவள் முழு எடையும் அந்தத் தோளில் நின்றது. தாவி உச்சியைப் பிடித்தாள், காலைத் தூக்கிப் போட்டாள், குதிரை மேல் உட்காருவது போல உட்கார்ந்துவிட்டாள்.

"வா அண்ணி!"

அண்ணி இடது கையால் கயிற்றைப் பிடித்தாள். பாதத்தைப் பலகையில் ஊன்றினாள். வழுக்கியது. மறுபடி ஊன்றினாள். சேறு அப்பிய கயிறு உள்ளங்கையில் நழுவியது. நல்ல கை கயிற்றை விட முடியாது. மேலே நீட்ட மிச்சமிருந்தது வலது கை.

"எந்தக் கையைக் குடுக்கப் போறே?" சில்லுவின் குரலில் இப்போது விளையாட்டு இல்லை.

"இருக்கறதைத்தான் குடுக்கணும்."

"வேணாம் அண்ணி. கயித்தை மாத்திப் பிடி. இல்லேன்னா இறங்கிடறேன். அடுத்த வருஷம் வருவோம்."

"அடுத்த வருஷமும் நான் டம்ளர் சுத்தணுமா?"

டிராக்டர் அருகே வந்து நின்றது. ஓட்டுகிறவன் வண்டியை நகர்த்தவில்லை. நகர்த்த வேண்டும்; அதுதான் அவன் வேலை. அவன் ஸ்டீயரிங் மேல் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏற்பாட்டாளர்களில் ஒருவரும் அவனை விரட்டவில்லை.

அண்ணி வலது கையைத் தூக்கினாள்.

காது உயரம் வரை அது சுலபமாகப் போயிற்று. அதற்கு மேல் நடுங்கியது. டிரைவர் தடுப்புக் கயிற்றுக்குக் கீழே நுழைந்து உள்ளே வந்திருந்தார். எப்போது வந்தார் என்று அவருக்கே தெரியாது. அவர் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் குனிந்து, அடி விழப்போகிறவன் நிற்பது போல நின்றார்.

சில்லு வயிறு பலகையில் அழுந்தக் குனிந்து, அண்ணியின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பற்றினாள்.

"ம்?"

"ம்!"

இழுத்தாள். அண்ணியின் பாதங்கள் பலகையை விட்டுக் கிளம்பின. முழு உடம்பும் அந்தத் தோளில் தொங்கியது. இடது கை கயிற்றில் ஒரு பிடி மேலே போயிற்று. இன்னொரு பிடி. முழங்கால் பலகையில் இடித்தது. முகம் கோணியது, கழுத்து நரம்பு விரலாகப் புடைத்தது.

சத்தம் வரவில்லை.

வந்தது டிரைவரின் சத்தம். "ஏறு! ஏறும்மா! விடாதே, ஏறு!" கம்பெனி ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டில் ரேடியோவைக்கூட மெதுவாக வைக்கிற மனுஷன், கையிலிருந்த துண்டைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு கத்தினார். "அவ்வளவுதான்! காலைப் போடு! போட்டுட்டா! போட்டுட்டாய்யா!"

அண்ணி சுவரின் உச்சியில் இருந்தாள். காலை இரண்டு பக்கமும் போட்டு, சில்லுவுக்கு எதிரே. அண்ணி வலது கையை மெல்ல மடக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள். பிறகு அந்தக் கையாலேயே சில்லுவின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

கீழே டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனசுக்குள் ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்துவிட்டது அவருக்கு. முதலாளியிடம் இப்போதே போய்ச் சொல்லிவிட வேண்டும்: நான் கேட்டதையெல்லாம் மறந்துடுங்க, அவளை ஏத்துங்க. பிறகு இரவு அவளிடமும் சொல்லிவிட வேண்டும். திட்டுவாள். திட்டட்டும்.

அவர் முதலாளியைத் தேடினார். முதலாளி முடிவுக்கோட்டுப் பக்கம் ஏற்கெனவே ஓட ஆரம்பித்திருந்தார்.

*

கடைசி ஜோடியாகத்தான் வந்தார்கள். கடைசி ஜோடிக்கு யாரும் அப்படிக் கைதட்டியிருக்க மாட்டார்கள். உடற்பயிற்சிக் கூடத்தார் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று வழிவிட்டார்கள். தண்ணீர் எங்கே என்று கேட்ட பையன் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தான். "அக்கா, கட்டை நனையலையே?" என்றான்.

"உன் வீட்டை மாத்தும்போது கூப்பிடு தம்பி," என்றாள் சில்லு. "உன் டிவிக்கு ஒண்ணும் ஆகாது."

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளைச் சட்டையோடு சேற்றில் இறங்கிவிட்டார். அண்ணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"சுவரை விடும்மா. சுவத்துல எல்லாரும் ஏறுனாங்க. அந்தக் கட்டை! அங்கேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தோள் போயிருந்தா நீ அதை எங்கேயாவது போட்டிருப்பே. உனக்கு ஈரம்தான் கண்ணுல பட்டுச்சு, வலி பட்டுச்சா?"

"பட்டுச்சு முதலாளி. பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

"நாளைக்குக் காலையில லாரியில ஏறிக்கோ. உன் இடம் உனக்கு."

அண்ணியின் முகத்தில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. அந்த வெடிப்புகள் எல்லாம் அசைந்தன. அப்படியொரு சிரிப்பு.

டிரைவர் வந்து சேர்ந்தார். மூச்சிரைத்தது. கையில் துண்டு. "முதலாளி, ஒரு நிமிஷம்..."

"வாய்யா, வா!" முதலாளி அவர் முதுகில் ஓங்கித் தட்டினார். சந்தோஷத்தில் வாய்க்குப் பூட்டு இல்லாத மனுஷன். "உன் பேச்சைக் கேட்டு ஒரு சிங்கத்தை மேஜையில உக்கார வச்சேனே! 'அவளை ஏத்தாதீங்க, நான் சொன்னதா சொல்லாதீங்க'ன்னு வாரா வாரம் வந்து நின்னியே. இப்ப என்னய்யா சொல்றே?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு, தான் சொன்னது என்னவென்று உறைத்தது. பிடித்திருந்த கைகளை விட்டார். "நான்... டீ சொல்லிட்டு வர்றேன்," என்று நழுவினார்.

அண்ணி புருஷனைப் பார்த்தாள். திட்டவில்லை. கேள்வி கேட்கவில்லை. அவர் நீட்டிய துண்டை வாங்கினாள். அதை வைத்துச் சில்லுவின் கண்ணைத் துடைத்தாள், காதைத் துடைத்தாள். துண்டை நாலாக மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"இல்லம்மா, அன்னைக்கு அந்தச் சத்தம்..." என்றார் டிரைவர்.

அவள் நடந்துவிட்டாள்.

சில்லு அண்ணனைப் பார்த்தாள். "ஏன் அண்ணா?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் அண்ணி பின்னால் போனாள்.

லாரி மரத்தடியில் நின்றது. வரும்போது அண்ணி முன்னால், டிரைவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தாள். இப்போது அந்தக் கதவைத் தாண்டிப் போனாள். பின்பக்கம் போய், இரும்புப்படியில் கால் வைத்து, வலது கையால் கம்பியைப் பிடித்து ஏறினாள். பாரம் தூக்குகிறவர்கள் உட்காரும் இடம். சில்லுவும் ஏறினாள். மற்ற ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, சத்தமில்லாமல் ஓரமாக ஏறிக்கொண்டார்கள்.

டிரைவர் தன் இடத்தில் ஏறி உட்கார்ந்தார். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. சாவியைத் திருகினார். இன்ஜின் உறுமி எழுந்து, சீராக ஓட ஆரம்பித்தது.

பின்னால் ஏறியவர்கள் பக்கத் தகட்டில் இரண்டு தட்டுத் தட்டினால்தான் வண்டி கிளம்பும். கம்பெனியில் அதுதான் வழக்கம். அதைத் தட்டுவது எப்போதும் அந்த வண்டியின் மூத்த ஆள். அந்த வண்டியில் அது அண்ணி.

டிரைவர் கிளட்சை மிதித்தபடி காத்திருந்தார்.

பின்னால் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிற லாரியில் ஒரு சிறு அசைவுகூட இல்லை. மைதானத்துக்காரர்கள் வலையை அவிழ்த்துச் சுருட்டினார்கள். டிராக்டர் கட்டைகளை ஏற்றிக்கொண்டு போயிற்று. முதலாளி டீயோடு வந்து, லாரியைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பினார்.

இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. தட்டு விழவில்லை.